பிளசர் குடித்த நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் அதைப் பிளசர் என்றுதான் சொல்வோம். கார் என்ற சொல் பின்னால், புது வண்டியோடு சேர்ந்து வந்தது. அதனால் சின்ன வயதில் எனக்குப் பிளசர் வேறு, கார் வேறு. மாடு வேறு, குதிரை வேறு என்பது போல.

பிளசர் தாத்தாவுடையது. தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்று அவருக்கு இருந்தது. முத்துக்குளிப்பு நல்லபடியாக நடந்த ஏதோ ஒரு காலத்தில், ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் இந்த வண்டியை வாங்கினாராம். கறுப்பு நிறம். துணிக் கூரை. பக்கத்தில் ஏறுவதற்கு நீளமாக ஒரு படி. முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் இரண்டு தும்மல் தும்மிவிட்டு உயிர் வரும். கதவுக்கு வெளியே ரப்பர் பந்து வைத்த ஹாரன். அமுக்கினால் வாத்து கத்துவது போலிருக்கும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த பெருமை. எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. பின் சீட்டில் என் கால் வைக்கிற இடத்தில், உப்புக்காற்று தின்று தின்று, தகரத்தில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. மேலே ஒரு பலகைத் துண்டைப் போட்டு மூடியிருப்பார்கள். பெருவிரலால் பலகையைத் தள்ளினால் போதும், கீழே சாலை ஓடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி நிற்பது போலவும், பூமிதான் ஆறு மாதிரி எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருப்பது போலவும் தோன்றும். உப்பளத்துப் பக்கம் வெள்ளையாக ஓடும், தேரிமண் பக்கம் சிவப்பாக ஓடும். அப்படியே கண் சொருகும். இன்றைக்கும் எனக்கு நல்ல உறக்கம் வருகிற ராத்திரிகளில் முதலில் வருவது அந்த ஓட்டைதான்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். ஆகவே அம்மாவும் நானும் தாத்தா வீட்டில் இருந்தோம். அண்ணன் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க விடுவார்கள். அன்றைக்கு விடிகாலைப் பூசை கண்டுவிட்டு, பொரித்த மீனும் முறுக்கும் கட்டிக்கொண்டு, அம்மாவும் நானும் பிளசரில் புறப்படுவோம். வண்டியை ஓட்டுவது மாமா, அம்மாவின் தம்பி. தோணிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமல் இருந்தார். அதைப் பற்றி வீட்டில் எல்லோரும் பேசுவார்கள், மாமா மட்டும் பேசமாட்டார்.

புறப்படுவதற்கு முன் மாமா ஒரு காரியம் செய்வார். வண்டியின் மூக்குக்கு அடியில் குனிந்து ஒரு குழாயைத் திறந்து உள்ளே இருக்கிற தண்ணீரை மண்ணில் விடுவார்.

"ஏன் மாமா தண்ணியக் கொட்டுதீங்க?"

"நம்ம ஊரு தண்ணி உப்புல்லா. உள்ள கிடந்தா அரிச்சிரும்மா. போற வழியில நல்ல தண்ணி ஊத்திக்கிடலாம்."

எங்கள் ஊர்த் தண்ணீரின் லட்சணம் எனக்கும் தெரியும். குசினியில் வைத்த பித்தளைப் பானையே பச்சை பூத்துவிடும். பிளசரிடம் மாமாவுக்கு இருந்த கரிசனத்தை நினைத்து எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஊர் எல்லை தாண்டியதும் அம்மா செபமாலையை எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மகிமைத் தேவ ரகசியங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து அருள் நிறை மந்திரம். அம்மா சொல்ல நான் பதில் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எந்தத் தூரத்தையும் செபமாலையில்தான் அளப்போம். பிளசரில் போனால் மூன்றாம் ரகசியத்துக்குப் புதுக்கோட்டை. திருநெல்வேலி ரோட்டில் எங்கள் ஊரை விட்டதும் வருகிற சின்ன ஊர். அங்கே ஊருக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் கிணறு. மூன்றாம் ரகசியத்தின் பாதியில் பிளசரின் மூக்கிலிருந்து புகை கிளம்பும். கொதிக்கிற உலை மாதிரி சத்தம் வரும். சரியாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடும். மாமா ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார்.

உள்ளேயிருந்து டீச்சர் வருவார். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம், தாயாரோடு அங்கே இருந்தார். அவர்கள் கோயிலுக்குப் போகத் தயாராக, கஞ்சி போட்ட சேலையும், கையில் வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமுமாக வருவார். புத்தகங்களை மதில்மேல் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போவார்.

"கொதிச்சிட்டா?"

"கொதிச்சிட்டு டீச்சர். பழைய வண்டில்லா."

"போன மாசமும் இங்கனதான நின்னுச்சு?"

"உப்புத் தண்ணி குடிச்சி வளந்த வண்டி டீச்சர். நல்ல தண்ணியக் கண்டா நகர மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் சிரிக்கமாட்டார். சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு வாளியை இறக்குவார். பிளசருக்குத் தண்ணீர் ஊற்றுகிற மூடி வெளியிலேயே, மூக்கின் உச்சியில் இருக்கும். மாமா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதைத் திறப்பார், டீச்சர் குடத்தைக் கொடுப்பார், மாமா ஊற்றுவார். எல்லாம் எங்கள் கண்ணாடிக்கு நேரே, எங்கள் கண்முன்னால். அம்மா செபமாலையை நிறுத்தமாட்டாள். ஆண்டவருக்கு முன்னால் பாதியில் எழுந்துபோவது மரியாதை இல்லை என்பாள். வாய் செபத்தில் இருக்கும், கண் அவர்கள்மேல் இருக்கும். அதனால் அவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அதை எவ்வளவு நேரம் பேசமுடியும்? ஆனாலும் பேசினார்கள்.

வண்டி புறப்பட்டு, செபமாலையும் முடிந்ததும் அம்மா சொல்வாள்: "நல்ல பொண்ணுதான். ஆனா பதிதக் குடும்பம்." சீர்திருத்தச் சபைக்காரர்களை எங்கள் பெரியவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லை நான் என் பிள்ளைகள் காதில் விழவிட்டதில்லை. ஒரே ஆண்டவரை நாங்கள் மணி அடித்துக் கூப்பிட்டோம், அவர்கள் பாட்டுப் பாடிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். மாமா கியரை மாற்றுவார்.

மாதாமாதம் ஒரே இடத்தில் வண்டி கொதிப்பது எனக்குக் கவலையாகிவிட்டது. பிளசருக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்தேன். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகும்போது ஒரு நேர்ச்சை செய்தேன்: எங்கள் வண்டி இனிமேல் கொதிக்கக்கூடாது, அதுவரை நான் மக்ரூன் தின்னமாட்டேன். தூத்துக்குடிப் பிள்ளை ஒன்று மக்ரூனை விடுவதென்றால் சாதாரணமா? கடைத்தெருவில் அந்த முந்திரி வாசனை வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அந்தோனியார் சீக்கிரமே கேட்டார். மணப்பாட்டிலிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பாவும் தோணிக்காரர். தாத்தாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"பொண்ணு பாக்கப் போற வழியில இந்தப் பிளசரு கொதிச்சி நின்னா சம்பந்தக்காரன் மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார். "மாசம் தவறாம நிக்குதுன்னு ஊரே சிரிக்கி."

மாமா திடுக்கிட்டு, "அப்பா, அது நல்லாத்தான் ஓடுது," என்றார்.

"நீதானலே சொன்ன, கொதிக்கின்னு?"

புதுத் துறைமுகம் வந்து ஊரே புதுசாகிக்கொண்டிருந்த நேரம். நம் நாட்டில் அப்போது ஓடியது இரண்டு மூன்று வகைக் கார்தான். அதில் ஒன்று, வெளிர் பச்சையில், எங்கள் வாசலில் வந்து நின்றது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பிளசரைத் தோணிப் பாய் தைக்கிற கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டுபோய், மேலே ஒரு பழைய பாயைப் போர்த்திவிட்டார்கள். வெளியில் தெரிந்தது மூக்கு மட்டும்தான். நான் அதன் மூடியைத் தடவி, "உனக்குச் சொகமாயிட்டு," என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு மக்ரூன் தின்றேன்.

புதுக் கார் எல்லாவற்றிலும் ஒசத்தி. சாவியைத் திருகினால் போதும். கதவை இழுத்தால் டப்பென்று பெட்டி மாதிரி மூடும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுச் சத்தம் கிடையாது, கருவாட்டு வாசனை கிடையாது. புது ரெக்சின் வாசனை எனக்குப் பிடிக்கவில்லை, வெளியில் சொல்லவில்லை. காலடியில் ஒரு விரற்கடை ஓட்டைகூட இல்லை. பெருவிரலால் எவ்வளவோ துழாவிப் பார்த்தேன். ரப்பர் விரிப்புத்தான் இருந்தது.

அந்த மாதம் அண்ணனைப் பார்க்கத் தாத்தாவும் வந்தார். புது வண்டியல்லவா, முன் சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழம மணப்பாட்டுக்கு இப்படித்தான் போகணும்," என்றார். அம்மா செபமாலையைத் தொடங்கினாள். இரண்டாம் ரகசியத்திலேயே, அதுவும் தொடக்கத்திலேயே, புதுக்கோட்டை வந்துவிட்டது!

டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலடியில் குடம் தயாராக இருந்தது, நிறைந்து தளும்பியது. மாமாவின் கை ஹாரன் பக்கம் போயிற்று. அமுக்கவில்லை, திரும்பி வந்துவிட்டது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை ஆட்டினேன். டீச்சர் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால், நாங்கள் வந்த சாலையை, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வண்டியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பின் கண்ணாடி வழியாக அவர் சின்னதாகிக்கொண்டே போனார், குடமும் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"மாமா, இனிமே டீச்சருக்குத் தண்ணி எறைக்கிற பாடு இல்ல," என்றேன் சந்தோஷமாக.

"இல்லம்மா," என்றார் மாமா. "இந்த வண்டிக்குத் தாகமே எடுக்காது."

பாளையங்கோட்டையில் அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. அண்ணன் புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து எத்தனையோ கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் தாத்தாதான் பதில் சொன்னார்.

சாயங்காலம் திரும்பினோம். வெயில் மஞ்சளாகி, பனைகளின் நிழல் சாலையின் குறுக்கே கோடு போட்டிருந்தது. தாத்தா அரைத் தூக்கத்தில் இருந்தார். அம்மாவின் செபமும் ஏதோ தூரத்தில் கேட்பது போல் இருந்தது. ஓட்டு வீடு வந்தது. வண்டி மெதுவாகி, ஓரம் கட்டி, நின்றது.

"என்னல?" என்று தாத்தா விழித்துக்கொண்டார்.

"கொதிச்சிட்டு அப்பா."

"புது வண்டியாலே?"

மாமா அதற்குள் இறங்கிவிட்டார். நானும் இறங்கிக்கொண்டேன். புகை ஒன்றும் தெரியவில்லை. உலைச் சத்தமும் இல்லை. டீச்சர் வாசலுக்கு வந்து பச்சை வண்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இந்த வண்டியுமா?" என்று கேட்டார்.

"இதுவுந்தான் டீச்சர்."

புதுக் காருக்கும் பிளசருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. இதற்குத் தண்ணீர் ஊற்றுகிற இடம் உள்ளே இருந்தது. முன் மூடியைத் தூக்கி நிறுத்த வேண்டும். மாமா தூக்கி நிறுத்தினார். கதவு போட்ட மாதிரி ஆயிற்று. உள்ளே இருந்த தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால் பச்சைத் தகரம்தான் தெரிந்திருக்கும். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

டீச்சர் குடத்தைக் கொடுத்தார். மாமா ஊற்றினார்.

"காலையில நிக்கலையே," என்றார் டீச்சர், மெதுவாக.

"அப்பா பக்கத்துல இருந்தாங்க."

"இப்பவும் இருக்காங்கள்லா?"

"இருக்காங்க. ஆனா இனிமே இங்கன நிக்காமப் போக என்னால முடியாது. அடுத்த வாரம் மணப்பாட்டுக்கு வரச் சொல்லுதாங்க. நீங்க சொல்லுங்க டீச்சர். போவட்டா?"

மாமா ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. வாய்வரை ஏற்கெனவே நிறைந்திருந்தது. எல்லாம் வழிந்து, சக்கரத்தின் பக்கமாக ஓடி, டீச்சரின் செருப்பையும் மாமாவின் வேட்டிக் கரையையும் நனைத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. குடம் காலியான பிறகுதான் டீச்சர் பேசினார்.

"அந்தப் பழைய வண்டிய வித்துராதீங்க."

அவ்வளவுதான். மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், வெகு நேரம் துடைத்தார். டீச்சருக்கும் என்னைப் போலப் பிளசர்தான் பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தாத்தா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "ஏளா, வண்டிக்கு என்னவாம்?"

"தண்ணி உள்ள போவ மாட்டேங்குது தாத்தா. நெறஞ்சி கீழ வழியுது. ஆனாலும் மாமா ஊத்திக்கிட்டே இருந்தாங்க."

தாத்தா என்னையே பார்த்தார். பிறகு, வழிந்தோடிச் சாலையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். மாமா வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் தாத்தா முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"ஏலே, ரெண்டு வண்டியும் ஒரே எடத்துல நின்னா, கோளாறு வண்டியில இல்லலே."

எனக்குத் தெரிந்து அம்மாவின் அருள் நிறை மந்திரம் பாதியில் நின்றது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் மணப்பாட்டுக்குப் போகவில்லை. தாத்தா மாமாவோடு பேசுவதை விட்டுவிட்டார். தோணி கொழும்புக்குப் போய்த் திரும்பும்வரை பேசவில்லை. சாமியார் வந்தார், போனார். நாசரேத்திலிருந்து யாரோ வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் என் கையில் ஒரு மக்ரூனைக் கொடுத்து வெளியே விளையாட அனுப்பிவிடுவார்கள்.

அதைத் தின்னவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏனென்றால் தாத்தா சொன்னதை நான் நன்றாக யோசித்திருந்தேன். கோளாறு வண்டியில் இல்லையென்றால் சாலையில்தான் இருக்கவேண்டும். அந்த இடத்தில் பூமிக்குள் ஏதோ சூடு இருக்கிறது, அதுதான் வண்டிகளைக் கொதிக்கவைக்கிறது. அந்தோனியாரிடம் போய், போன தடவை தப்பாகக் கேட்டுவிட்டேன், அந்த இடத்தைச் சரியாக்கிக் கொடுங்கள் என்று புதிதாக ஒரு நேர்ச்சை செய்திருந்தேன். கொடுத்த மக்ரூன்களை எல்லாம் ஓர் ஓவல்டின் டப்பாவில் போட்டு வைத்தேன். பாதியை எறும்பு தின்றது.

மழைக்காலம் போய், பனி விழுந்து, கிறிஸ்து பிறப்புக்கு அப்புறம் ஒருநாள் தாத்தா கொட்டகைக்குப் போய், பிளசரின் மேலிருந்த பாயைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். "எவ்வளவு நாளைக்குத்தான் மூடி வைக்க?" என்றாராம். மாமாவுக்கும் டீச்சருக்கும் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. டீச்சரை நான் அத்தை என்று கூப்பிடத் தொடங்கினேன். அத்தையின் தாயார் மகனோடு இருக்க நாசரேத்துக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் மாதம், அண்ணனைப் பார்க்கப் பிளசரில்தான் போகவேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். புறப்படும்போது பார்த்தேன், மாமா அடியில் இருந்த குழாயைத் திறக்கவில்லை. மூடிவரை தண்ணீர் நிறைந்திருந்தது. "உப்பு அரிச்சிராதா மாமா?" என்றேன். "அரிச்சா அரிக்கட்டும்மா," என்றார்.

அத்தை என்னோடு பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் பலகையைத் தள்ளி என் ஓட்டையைக் காட்டினேன். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, கீழே ஓடுகிற வெள்ளைச் சாலையைப் பார்த்துக்கொண்டே போனோம். அம்மா செபம் சொல்ல, அத்தை புதிதாகப் படித்த பதிலை ஒரு சொல் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் ரகசியம் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. பிளசர் கொதிக்கவில்லை. புகையவும் இல்லை, நிற்கவும் இல்லை. அந்த வாசலைத் தாண்டும்போது மாமா ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். அத்தை ஓட்டையிலிருந்து தலையை நிமிர்த்திக் கிணற்றைப் பார்த்தார், பிறகு மாமாவின் முதுகைப் பார்த்தார்.

"அங்கதான் யாருமே இல்லையே. யாருக்கு மாமா ஹாரன்?" என்றேன்.

"கிணத்துக்கு," என்றார் மாமா.

அது நியாயமாகத்தான் பட்டது. எத்தனை குடம் தண்ணீர் கொடுத்த கிணறு! நான் மடியிலிருந்த ஓவல்டின் டப்பாவைத் திறந்து, எறும்பு தின்றது போக மீதி இருந்த மக்ரூனை எடுத்து, அத்தைக்கு ஒன்று கொடுத்து, நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்துச் சூட்டை அந்தோனியார் எடுத்துவிட்டார் என்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதை நான் சத்தமாகச் சொன்னபோது, செபத்துக்கு நடுவில் மூன்று பேரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை.